பிள்ளைக்கு வைட்டமின் டி: புட்டியைத் திறப்பதற்கு முன்னால்

"சொட்டு மருந்து கொடுத்தாச்சா?" என்று கேட்டால் நம் ஊரில் எல்லாருக்கும் போலியோதான் நினைவுக்கு வரும். என் மூத்தவன் பிறந்தபோது எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் ஒரு சொட்டு மருந்து எழுதியிருந்தார். "அதான் பொறந்த அன்னைக்கே ஊத்திட்டாங்களே" என்றார் அத்தை. நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிவிட்டு, "டி டிராப்ஸ் குடுக்கறீங்கல்ல?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றரை மாதம் அப்படியே போயிருந்தது.

நல்லவேளை, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தங்கை, சித்தி மகள், கீழ்வீட்டுப் பெண் என்று யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் என்னிடம்தான் இந்தக் கேள்வி வருகிறது. நான் டாக்டர் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வருடம் சொட்டு கொடுத்தவள், கொடுப்பதில் தப்பும் செய்தவள். முதல் பிள்ளைக்காரிகளுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது.

ஏன் கொடுக்க வேண்டும்

வைட்டமின் டி இல்லாமல் சாப்பாட்டிலுள்ள கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சிக்கொள்ளாது. வாசலில் லாரி நிறைய செங்கல் வந்து இறங்கியும், உள்ளே தூக்கிப்போக ஆளில்லாத வீடு மாதிரி. வளரும் எலும்பு கெட்டிப்படாமல் மெத்தென்று நின்றுவிடும். முற்றினால் அதற்குப் பெயர் ரிக்கெட்ஸ். எலும்பு வளைவது பிறகு. சில கைக்குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் இறங்கி, வலிப்புதான் முதல் அறிகுறியாகவே வரும்.

தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது கிட்டத்தட்ட உண்மைதான், டி ஒன்றைத் தவிர. ஒரு கைக்குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 400 யூனிட். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் பொதுவாக 100 யூனிட்கூட இருப்பதில்லை. பிள்ளை ஒரு நாளில் ஒரு லிட்டர் குடிப்பதும் இல்லை. இதைக் கேட்டதும் "என் பாலில் சத்தில்லையா?" என்று மனசு சுருங்கும். வேண்டாம். டி என்பது மனித உடம்பு பெரும்பாலும் தோலில் வெயில் பட்டுத் தயாரித்துக்கொள்ளும் பொருள். பாலில் அது குறைவாக இருப்பது உங்கள் உடம்பின் குற்றமல்ல, எல்லாத் தாய்மாரின் பாலும் அப்படித்தான். இதற்காகப் பவுடர் பாலுக்கு மாறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

வயிற்றில் இருக்கும்போது பிள்ளை தன் இருப்பை அம்மாவிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அம்மாவிடமே குறைவு என்றால் பிள்ளை குறைவோடுதான் பிறக்கும். வீட்டுக்குள்ளும் ஆபீஸுக்குள்ளுமே பகல் முழுக்க இருக்கும் நம்மில் நிறையப் பேருக்கு அந்தக் குறைவு உண்டு. நன்றாக இருக்கிற அம்மாவின் பிள்ளைக்கும் அந்த இருப்பு சில மாதங்களுக்கு மேல் வராது. அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் முதல் ஒரு வருடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தினமும் 400 யூனிட் என்று பரிந்துரைக்கிறது. கறுப்போ சிவப்போ, கொழுகொழுவென்று இருக்கிறதோ ஒல்லியாக இருக்கிறதோ, வித்தியாசம் இல்லை.

முதல் வேலை: கேட்டு வாங்குங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் நாள் ஒரே அமளியாக இருக்கும். பில், ஆரத்தி, கார், யார் எந்தப் பையைத் தூக்குவது. அந்த அமளிக்கு நடுவில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடமோ நர்ஸிடமோ மூன்று கேள்வி கேளுங்கள். டி சொட்டு எழுதியிருக்கிறதா? எத்தனை மி.லி.? என்றைக்குத் தொடங்க வேண்டும்? பிறந்த சில நாட்களிலேயே தொடங்கலாம். எழுதாமல் விட்டிருந்தால் முதல் தடுப்பூசிக்குப் போகும்போது நீங்களே எடுத்துப் பேசுங்கள். எங்களைப் போல நாட்கள் போய்விட்டது என்றாலும் பரவாயில்லை, இன்றைக்குத் தொடங்கினால் போதும். விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்பதாவது மாதம் தட்டம்மை ரூபெல்லா ஊசியோடு ஒரு வைட்டமின் மருந்து வாயில் ஊற்றுவார்கள். அது வைட்டமின் ஏ, கண்ணுக்கானது. "வைட்டமின் ஊத்தியாச்சு" என்று டி சொட்டை நிறுத்திவிட்ட அம்மாக்களை எனக்குத் தெரியும். போலியோ சொட்டு வேறு, ஏ வேறு, டி வேறு. முதல் இரண்டையும் சுகாதார நிலையத்தில் கொடுப்பார்கள். டி மட்டும் தினமும் வீட்டில் நாம் கொடுப்பது.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, கல்லீரல் கோளாறோ வலிப்புக்கு மருந்தோ உள்ள பிள்ளை என்றால் அளவு மாறலாம். அவர்கள் இந்தக் கட்டுரையின் 400-ஐ விட்டுவிட்டு டாக்டர் எழுதியதையே பின்பற்றுங்கள்.

புட்டியைப் படிப்பது

இதுதான் முக்கியமான இடம், அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

மருந்துக் கடையில் "பாப்பாவுக்கு டி டிராப்ஸ்" என்று கேட்டால் கையில் வருவது ஒரே மருந்தல்ல. ஒரு கம்பெனியின் புட்டியில் 1 மி.லி.க்கு 400 யூனிட். இன்னொன்றில் 1 மி.லி.க்கு 800. இரண்டும் ஒரே மாதிரி பழுப்பு நிறப் புட்டி, ஒரே மாதிரி அட்டைப்பெட்டி, மேலே சிரிக்கும் ஒரு குழந்தை.

பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் "ஒவ்வொரு மி.லி.யிலும் இருப்பது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அதில் வைட்டமின் டி3 அல்லது கோலிகால்சிஃபெரால் என்ற பெயருக்கு நேரே ஓர் எண்ணும், பக்கத்தில் ஐ.யூ. என்ற இரண்டு எழுத்தும் இருக்கும், நாம் யூனிட் என்று சொல்வது அதைத்தான். அந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது. 400 என்றால் ஒரு நாளைக்கு 1 மி.லி. 800 என்றால் அரை மி.லி. சில புட்டிகளில் யூனிட்டுக்குப் பதில் மைக்ரோகிராம் போட்டிருப்பார்கள். 10 மைக்ரோகிராமும் 400 யூனிட்டும் ஒன்றுதான்.

இளையவளுக்கு நான் செய்த தப்பு இந்த இடத்தில்தான். ஆறு மாதம்வரை ஒரே கம்பெனிப் புட்டி, 1 மி.லி. கொடுத்துப் பழகிய கை. ஒருநாள் அது ஸ்டாக் இல்லை என்று கடைக்காரர் வேறொன்றைக் கொடுத்தார், "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று. ஒன்பது நாள் அதே 1 மி.லி. ஊற்றினேன். பத்தாவது நாள் மருந்து கொஞ்சம் இனிப்புத் தூக்கலாக வாசனை அடிக்கிறதே என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 800. பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்தேன். 800 யூனிட் சில நாள் போனதால் ஒன்றும் ஆகாது, இனிமேல் அரை மி.லி. கொடுங்கள் என்றார். பிறகு தெரிந்துகொண்டேன்: ஆறு மாதத்துக்குள் ஒரு நாளைக்கு 1,000 யூனிட், அதற்கு மேல் ஒரு வயதுவரை 1,500 யூனிட் என்பது தாண்டக்கூடாத எல்லை என்று வைத்திருக்கிறார்கள். அதற்குள்தான் இருந்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு மணி நேரம் என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்குத்தான் தெரியும்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். புதுப் புட்டி வந்ததும் அதன்மேல் ஒரு வெள்ளை பிளாஸ்டர் துண்டை ஒட்டி, "காலை, அரை மி.லி." என்று தமிழில் பெரிதாக எழுதி, திறந்த தேதியையும் போட்டுவிடுவோம். நான் குளிக்கப் போயிருந்தாலும் அத்தை படித்துப் பார்த்துக் கொடுத்துவிடுவார். இன்னொரு கணக்கும் உதவும்: 30 மி.லி. புட்டி, நாளைக்கு 1 மி.லி. என்றால் முப்பது நாள் வரவேண்டும், அரை மி.லி. என்றால் அறுபது நாள். சீக்கிரம் தீர்ந்தால் யாரோ அதிகம் ஊற்றுகிறார்கள். மாதக்கணக்கில் தீராமல் நின்றால் நாள் விட்டுப்போகிறது.

டிராப்பர் விஷயமும் உண்டு. அந்தப் புட்டியோடு வந்த டிராப்பரை அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். இரும்புச்சத்து சொட்டின் டிராப்பரையோ காய்ச்சல் மருந்தின் மூடியையோ எடுத்து அளக்காதீர்கள். டிராப்பர் நிறைய மருந்து உறிஞ்சிக் கொடுத்து அளவு எகிறிப்போகும் ஆபத்தைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2010-இல் பெற்றோருக்கு எச்சரிக்கை விட்டது. ஆக, இது நம் ஊர்க் குழப்பம் மட்டும் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவோ அண்ணியோ அன்போடு அனுப்பும் சின்னப் புட்டி இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. அவற்றில் பல, ஒரே ஒரு சொட்டில் 400 யூனிட் வைத்திருப்பவை. சொட்டுதான், மி.லி. அல்ல. அதில் பழக்கத்தில் 1 மி.லி. எடுத்து ஊற்றினால் பத்தாயிரம் யூனிட்டைத் தாண்டிவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது அந்த 60,000 யூனிட் மருந்து. வாரம் ஒன்று என்று பெரியவர்களுக்கு எழுதித் தருவார்களே, பாலில் கலக்கும் பொடிப் பாக்கெட்டாகவும் 5 மி.லி. குட்டிப் புட்டியாகவும் வருவது. அந்தக் குட்டிப் புட்டியைப் பார்த்தால் குழந்தை மருந்து மாதிரியே இருக்கும். அதில் 1 மி.லி.யிலேயே 12,000 யூனிட், அதாவது பிள்ளைக்கு ஒரு மாதத்துக்கான அளவு. அம்மாவின் மருந்தும் பிள்ளையின் மருந்தும் ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது. "பெரியவங்களுக்குக் குடுக்கறதுதானே, ஒரு சிட்டிகை நாக்குல வைக்கலாம்" என்று யாராவது ஆரம்பித்தால் புட்டியைப் பிடுங்கி வைத்துவிடுங்கள், மரியாதை எல்லாம் அப்புறம்.

கடைசியாக, வீட்டில் பிள்ளைக்குக் கொடுக்கும் மற்றப் புட்டிகளையும் வரிசையாக எடுத்து வைத்து இதே வரியைப் படியுங்கள். பல மல்டிவைட்டமின் சொட்டுகளிலும் கால்சியம் சிரப்புகளிலும் ஏற்கெனவே டி3 இருக்கும். மூன்று டாக்டர் மூன்று நேரத்தில் எழுதியது சேர்ந்து மூன்று மடங்காகிவிடும். எல்லாப் புட்டியையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவது சிரிப்பாகத் தோன்றலாம். நான் கொண்டுபோனேன், ஒன்றை அவரே நிறுத்தினார்.

கொடுக்கும் விதம்

பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றாதீர்கள். மடியில் தலை கொஞ்சம் உயர்ந்திருக்கும்படி வைத்து, டிராப்பரின் நுனியைக் கன்னத்தின் உள்பக்கமாக வைத்து, மெதுவாக அழுத்துங்கள். விழுங்க நேரம் கொடுங்கள். தொண்டைக்கு நேரே பீய்ச்சினால் புரையேறும். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கொடுத்தால் பசியில் சப்புக்கொட்டிக் குடித்துவிடும். துப்புகிற பிள்ளைக்குப் பாலாடையில் ஒரு வாய் தாய்ப்பால் பீய்ச்சி அதில் கலந்து கொடுக்கலாம். ஒரு முழு புட்டிப் பாலில் கலக்காதீர்கள்; பாதியில் தூங்கிவிட்டால் மருந்தும் பாதி போச்சு. ஒரு சொட்டு வகை என்றால் மார்க்காம்பில் விட்டுப் பால் கொடுப்பது சுலபம்.

கொஞ்சம் கக்கிவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டு மடங்கு வேண்டாம். டி உடம்பின் கொழுப்பில் தங்கும் சத்து, ஒருநாள் தவறியதால் எதுவும் கெட்டுப்போகாது. பத்து நாள் மறப்பதுதான் பிரச்சினை. அதற்கு ஒரே வழி, எப்போதும் செய்யும் வேறொரு வேலையோடு முடிச்சுப் போடுவது. எங்கள் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பொட்டு வைத்ததும் சொட்டு. பொட்டு வைத்திருக்கிறதா என்று பார்த்தாலே சொட்டு கொடுத்தாயிற்றா என்று தெரிந்துவிடும்.

பவுடர் பால் குடிக்கும் பிள்ளை

பவுடர் பாலில் டி சேர்த்துத்தான் விற்கிறார்கள். டப்பாவின் பின்புறம் "கலந்த பால் 100 மி.லி.க்கு" என்ற கட்டத்தைப் பாருங்கள், 100 கிராம் பவுடருக்கானதை அல்ல. அங்கே 1 மைக்ரோகிராம் என்றிருந்தால் 40 யூனிட். பிள்ளை நாளைக்கு அரை லிட்டர் குடித்தால் 200 யூனிட், பாதிதான் வந்திருக்கிறது. ஒரு லிட்டர் குடிக்கும் பிள்ளைக்குத்தான் முழுசாகக் கிடைக்கும், அவ்வளவு குடிப்பதற்கு மாதங்கள் ஆகும். தாய்ப்பாலும் பவுடரும் மாறி மாறிக் கொடுப்பவர்கள் சொட்டை நிறுத்துவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். இந்தப் பாதிப் பாதிப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் இரண்டும் கெட்டானாக விட்டுப்போகிறார்கள்.

"வெயில்ல காட்டுனா போதாதா?"

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் வரும், எழுதியே தருகிறேன். கேட்பவர் பாட்டியாக இருப்பார். அவரை மட்டம் தட்டாதீர்கள், ஏனென்றால் அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. வெயிலுக்கும் எலும்புக்கும் தொடர்பு உண்டு. 1919-இல் பெர்லினில் ஹுல்ட்சின்ஸ்கி என்ற மருத்துவர் ரிக்கெட்ஸ் வந்த பிள்ளைகள்மேல் புறஊதா விளக்கொளியைக் காட்டியே எலும்பைத் தேற்றிக் காட்டினார். மீன் எண்ணெயில் இருக்கும் அதே சக்திக்கு 1922-இல்தான் வைட்டமின் டி என்ற பெயரே வந்தது.

சிக்கல் எங்கே என்றால், எந்த வெயில் என்பதில். டி தயாராவதற்கு வேண்டியது புறஊதாக் கதிரில் பி என்ற வகை. சூரியன் தாழ்வாக இருக்கும்போது அது காற்று மண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். பாட்டி காட்டும் காலை ஏழு மணி இளவெயில் இதமாகத்தான் இருக்கும், ஆனால் அதில் அந்தக் கதிர் அநேகமாக இருக்காது. உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக விழுகிற நேரத்தில் தோல் பெரிதாக எதையும் தயாரிக்காது. நிழல் குட்டையாகும் பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரைதான் அந்த வேலை நடக்கும். அந்த வெயிலில் மதுரையிலோ சென்னையிலோ சித்திரை மாதம் ஒரு பச்சைப் பிள்ளையை யாராவது வெற்றுடம்போடு கிடத்துவார்களா? கிடத்தவும் கூடாது. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளையை நேர் வெயிலில் வைக்க வேண்டாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

நம் தோலின் கறுப்பும் கணக்கில் வரும். அது நல்ல குடை. வெயிலின் கேட்டிலிருந்து காக்கும் அதே நிறமி, டி தயாராவதையும் மெதுவாக்கும். வெளுத்த தோலுக்குப் பத்து நிமிடம் போதும் என்று எங்கேயோ படித்ததை நம் பிள்ளைக்குப் பொருத்த முடியாது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் தொட்டிலைப் போட்டு வைப்பதும் வீண். வெளிச்சமும் சூடும் உள்ளே வரும், அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது.

அத்தையிடம் நான் இதையெல்லாம் வகுப்பு எடுக்கவில்லை. "வெயிலும் காட்டுவோம் அத்தை, சொட்டும் குடுப்போம்" என்றேன். காலையில் திண்ணையில் ஐந்து நிமிடம் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள், அவர் ஏதாவது பாடுவார். அதற்கு நான் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்? ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பிறந்த பிள்ளைக்குக் கண்ணும் தோலும் மஞ்சளாகத் தெரிந்தால் "வெயில் காட்டினால் சரியாகும்" என்று காத்திருக்கக் கூடாது. அது டாக்டர் பார்க்க வேண்டியது.

கேழ்வரகு, முட்டை, மீன்

ஆறு மாதம் முடிந்து சோறூட்ட ஆரம்பித்ததும் அடுத்த குழப்பம். கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கிறோமே, அப்புறம் எதற்குச் சொட்டு? கேழ்வரகில் கால்சியம் ஏராளம், 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல். டி கிடையாது. கீரையிலும் பருப்பிலும் பழத்திலும் கிடையாது. இயற்கையாக டி உள்ளவை முக்கியமாக மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன்களும் முட்டை மஞ்சள் கருவும். ஒரு மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட் வரும். பத்து முட்டை சாப்பிடும் கைக்குழந்தை எங்கே இருக்கிறது? சைவ வீடு என்றால் அதுவும் இல்லை. செறிவூட்டிய பால் பாக்கெட்டில் நீல நிறத்தில் கூட்டல் குறியும் எஃப் எழுத்தும் கொண்ட முத்திரை இருக்கும். அதில் ஏ, டி இரண்டும் சேர்த்திருப்பார்கள். ஆனால் பசும்பாலைக் குடிக்கும் பாலாக ஒரு வயதுக்குமுன் கொடுக்கக் கூடாது. ஆகவே சாப்பாடு ஆரம்பித்தாலும் ஒரு வயதுவரை சொட்டு தொடரும்.

எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதைப் பார்த்து வேண்டாம்

இணையத்தில் தேடினால் முதலில் வருவது "தலை வியர்த்தால் டி குறைவு" என்பதுதான். சென்னையில் மே மாதம் எந்தப் பிள்ளைக்குத் தலை வியர்க்காது? அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பல் தாமதமாக முளைப்பது மட்டும் தனியாக இருந்தால் அதுவும் அப்படித்தான், சில குடும்பங்களில் எல்லாருக்கும் ஒரு வயதில்தான் முதல் பல். பிறந்த பிள்ளையின் கால் கொஞ்சம் வளைந்திருப்பது வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்ததால் வருவது. நடக்க ஆரம்பித்துச் சில காலத்தில், பெரும்பாலும் இரண்டு வயதுக்குள், தானே நேராகும். எண்ணெய் போட்டு நீவி நிமிர்த்த வேண்டியதில்லை.

டாக்டரிடம் காட்ட வேண்டியவை வேறு. மணிக்கட்டும் கணுக்காலும் எலும்புப் பக்கம் புடைத்து இரட்டையாகத் தெரிவது. நெஞ்சின் இரண்டு பக்கமும் விலா எலும்பு முனைகள் மணி கோத்த மாதிரி வரிசையாகத் தட்டுப்படுவது. நெற்றி முன்னால் தள்ளி வருவது. ஒன்றரை வயதாகியும் உச்சிக்குழி அகலமாகத் திறந்தே இருப்பது. கழுத்து நிற்பதும் உட்காருவதும் மற்றப் பிள்ளைகளைவிட வெகுவாகப் பின்தங்குவது. நடக்க ஆரம்பித்தபின் கால் வளைவு குறையாமல் கூடிக்கொண்டே போவது, அல்லது ஒரு கால் மட்டும் வளைவது. இவற்றில் எது தெரிந்தாலும் மணிக்கட்டு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துச் சொல்லிவிடுவார்கள். ரிக்கெட்ஸ் என்றாலும் மருந்துக்கு நன்றாகக் கேட்கும் நோய் அது. ஆனால் அதற்கான அளவு 400 அல்ல, பல மடங்கு அதிகம், கூடவே கால்சியமும் உண்டு. டாக்டர் கையில்தான் நடக்க வேண்டும்.

காய்ச்சல் இல்லாமல் வலிப்பு வந்தால் வீட்டில் ஒரு நிமிடமும் ஆலோசிக்காதீர்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் தண்ணீரோ சாவியோ எதுவும் வைக்காமல், 108-ஐக் கூப்பிடுங்கள். கை விரல்கள் இழுத்துக்கொண்டு நடுங்குவது, மூச்சு இழுக்கும்போது தொண்டையில் கீச்சென்று சத்தம் வருவது இரண்டும் கால்சியம் இறங்கியதாக இருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

ரத்தப் பரிசோதனை எல்லாருக்கும் வேண்டுமா

வேண்டாம். நன்றாக இருக்கும் பிள்ளைக்கு ஊசி குத்தி அளவு பார்த்துத்தான் சொட்டு கொடுக்க வேண்டும் என்பதில்லை. காரணம் இருந்தால் டாக்டரே எழுதுவார். எடுத்தால் ரிப்போர்ட்டில் 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்றிருக்கும். அதில் ஒரு வேடிக்கை உண்டு: பல லேப்களில் 30-க்குக் கீழே இருந்தாலே "குறைவு" என்று தடித்த எழுத்தில் அச்சாகும். குழந்தை மருத்துவர்கள் ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் போதும் என்றும், 12-க்குக் கீழே போனால்தான் பற்றாக்குறை என்றும் கணக்கு வைக்கிறார்கள். 24 என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து அழுத தங்கைக்கு நான் சொன்னது இதைத்தான்.

அதிகமானால்

400-ல் பொதுவாக அதிகமாகாது. பல வாரம் பல ஆயிரம் யூனிட் போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, பிள்ளை பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், மலம் இறுகும், நிறைய ஒன்றுக்குப் போய் வாடிவிடும், எடை இறங்கும். சிறுநீரகத்துக்குக் கெடுதல். தப்பாக ஊற்றிவிட்டோம் என்று சந்தேகம் வந்தால் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். என்ன புட்டி என்று தெரிந்தால்தான் அவரால் கணக்குப் போட முடியும். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். என்னை யாரும் திட்டவில்லை.

உங்களுக்கு

பிரசவத்துக்கு முன் சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம் மாத்திரையில் 500 மில்லிகிராம் கால்சியத்தோடு 250 யூனிட் டி-யும் இருக்கும். நாளைக்கு இரண்டு, பிரசவத்துக்குப் பின்னும் ஆறு மாதம். நிறைய வீடுகளில் பிள்ளை பிறந்ததும் அது பீரோவுக்குப் போய்விடுகிறது, இரும்பு மாத்திரையோடு சேர்த்து. எடுத்துப் போடுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் அல்லாமல் இடைவெளி விட்டு. நீங்கள் போட்டால் பிள்ளைக்குச் சொட்டு வேண்டாம் என்று ஆகாது, அந்த அளவுக்குப் பாலில் இறங்காது. அம்மா தினமும் 6,400 யூனிட் எடுத்தால் பிள்ளைக்குப் பாலிலேயே போதுமானது கிடைக்கும் என்று அமெரிக்காவில் ஆய்வு செய்து 2015-இல் வெளியிட்டார்கள். படித்துவிட்டு நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். உங்கள் டாக்டர் சொன்னால் வேறு விஷயம்.

லண்டனிலோ டொராண்டோவிலோ பிள்ளை பெற்றிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வெயில் வாதமே எழாது. பிரிட்டனில் அக்டோபர் தொடங்கி மார்ச் தொடக்கம்வரை சூரியன் டி-க்கு உதவாது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்து நாளைக்கு 8.5 முதல் 10 மைக்ரோகிராம் கொடுக்கவும், அரை லிட்டருக்கு மேல் பவுடர் பால் குடித்தால் நிறுத்தவும் அங்கே சொல்கிறார்கள். நம் ஊர்க் கணக்கோடு கலக்காமல் அந்த ஊர் நர்ஸ் சொல்வதைக் கேளுங்கள்.

ஒரு வயது ஆகும்போது

முதல் பிறந்தநாளோடு சொட்டை நிறுத்த வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. ஒரு வயதுக்குமேல் தேவை 600 யூனிட்டாகக் கூடுகிறது. அதற்குள் பிள்ளை தெருவில் ஓடும், முட்டை சாப்பிடும், பால் குடிக்கும். எவ்வளவு ஓடுகிறது, என்ன சாப்பிடுகிறது என்பதைப் பொறுத்து டாக்டர் தொடரச் சொல்லலாம், நிறுத்தச் சொல்லலாம். ஒரு வயதுக்குப் பிந்தைய தடுப்பூசிக்குப் போகும்போது புட்டியையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். என் இளையவளுக்கு மேலும் ஒரு வருடம் தொடரச் சொன்னார், மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வளர்கிறாள் என்பதால். பிளாஸ்டர் துண்டு மட்டும் மாறியது. இப்போது அதில் தன் பெயரையும் எழுதச் சொல்லி அடம்பிடிக்கிறாள்.